கொசுவத்தி சுத்துற அண்ணாச்சிகளே... புல்லறுக்க வர்றீங்களா?

போன வாரம் ஒரே நாள்ல மூணு பதிவு படிச்சேன். மூணும் அருவாவைப் பத்தி. ஒருத்தர் அவங்க பாட்டி புல்லறுக்கும்போது வர்ற "சரக் சரக்" சத்தத்தைப் பத்தி உருகியிருந்தார். இன்னொருத்தர் துரு ஏறின கதிரருவாளை பிளாட் ஹால்ல சுவத்துல மாட்டி போட்டோ போட்டிருந்தார். மூணாமவர் இன்னும் ஒரு படி மேல போயி, மிஷின் வந்துதான் கிராமம் செத்துப்போச்சுன்னு முடிச்சிருந்தார். கீழ பின்னூட்டம் பூரா "கண் கலங்கிடுச்சு அண்ணே".

எனக்கும் கலங்குச்சு. ஆனா வேற காரணத்துக்கு.

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள குமைஞ்சுட்டு இருக்கிற விஷயம் இது. இன்னிக்குக் கொட்டிடறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

நமக்கு ஊரு பாப்பாரப்பட்டி. தர்மபுரி மாவட்டம். சுப்பிரமணிய சிவா கடைசியா வாழ்ந்து 1925 ஜூலை 23-ல கண்ணை மூடின ஊருன்னு சொன்னா பாதிப் பேருக்கு "ஓ... அதுவா"ன்னு வரும். நான் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், தட்டுறது ஜாவா, குப்பை கொட்டுறது பெங்களூர்ல. (சிரிக்காதீங்க, உங்கள்ல பாதிப் பேர் கதையும் இதான்.) ஊர்ல மூணு ஏக்கர் மானாவாரிக் கொல்லை. ராகி, அவரை, கொள்ளு. ரெண்டு கறவை மாடு. எங்க வீட்டுல மாசாமாசம் கைக்குக் காசு வர்றது கொல்லையிலேர்ந்து இல்ல, மாட்டுலேர்ந்துதான். மாடு நிக்கிறது புல்லுல. இதை முதல்ல மனசுல போட்டுக்கோங்க. புல்லுங்கறது எங்க ஊர்ல அழகு பார்க்குற புல்தரை இல்ல. பாலு, காசு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

மூணு வருஷம் முன்னாடி ஐப்பசி. நல்ல மழை. வரப்புலயும் கரம்பா விட்ட அரை ஏக்கர்லயும் புல்லு இடுப்பளவு நின்னுச்சு. எங்க அத்தை, அப்பாவோட அக்கா, எங்க கூடவே இருக்கிறவங்க, காலையில அருவாவை எடுத்துக்கிட்டுப் போனாங்க. தினமும் போறதுதான். இடது கையை விட்டு ஒரு பிடி புல்லைச் சேர்த்துப் பிடிச்சாங்க. உள்ள கண்ணாடிவிரியன் இருந்திருக்கு.

கால்ல இல்ல மக்கா, கையில. புல்லைப் பிடிச்ச இடது கையில.

உயிர் பிழைச்சாங்க. விஷமுறிவு மருந்து ஏத்தி, சிறுநீரகம் வேலை நிறுத்தம் பண்ணி, கொஞ்ச நாள் டயாலிசிஸ் எல்லாம் பண்ணி, ஒரு மாசம் கழிச்சு வீட்டுக்கு வந்தாங்க. இடது கை ரெண்டு விரலு இன்னிக்கும் முழுசா மடங்காது. அந்த ஒரு மாசமும் பெங்களூர்ல லீவு கேட்டு லீவு கேட்டு ஓடினேன் பாருங்க, அப்பதான் எனக்கு அருவாளோட "ஓசை"யே முழுசா கேட்டுச்சு.

எங்க அத்தைக்கு மட்டும் நடந்த விபத்து இதுன்னு நினைச்சுடாதீங்க. 2020-ல வெளியான ஒரு பெரிய ஆய்வு, 2000-லேர்ந்து 2019 வரைக்கும் 20 வருஷத்துல இந்தியாவுல பாம்புக்கடியில செத்தவங்க சுமார் 12 லட்சம்னு கணக்குப் போட்டுச்சு. வருஷத்துக்கு சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்துக்காரங்க, அதுலயும் பாதிக்கு மேல மழை மாசங்கள்ல, அதாவது புல்லு உசரமா நிக்கிற காலத்துல. தமிழ்நாடு அரசு 2024 நவம்பர்ல பாம்புக்கடியை கட்டாயம் தகவல் சொல்ல வேண்டிய நோயா அறிவிச்சுது. அவ்வளவு பெரிய விஷயம் இது. நம்ம பதிவுகள்ல மட்டும் அருவா வரும், பாட்டு வரும், வியர்வை கூட "முத்து"ன்னு வரும்... பாம்பு வராது.

சரி, அருவாவோட இயந்திரவியலைப் பார்ப்போம். (நாலு வருஷம் அப்பா காசுல படிச்சதுக்கு இதுக்காவது உதவட்டும்.)

அருவாளுக்கு ரெண்டு கை வேணும். வலது கை வெட்டும். இடது கை பிடிக்கும். பிடிக்காம வெட்டினா புல்லு வளைஞ்சு குடுத்துடும், அறுபடாது. அதனால ஒவ்வொரு பிடிக்கும் உங்க இடது கை, உள்ள என்ன இருக்குன்னே தெரியாத இடத்துக்குள்ள முதல்ல போகணும். குனிஞ்ச முதுகு வேற. ஒரு நாளைக்கு எத்தனை பிடின்னு எண்ணிப் பாருங்க. பாம்பு இல்லைன்னாலும் தேளு, முள்ளு, அருவா நழுவி விரலு. புல்லறுக்குற எந்த அம்மாவோட இடது கை ஆள்காட்டி விரலையாவது பார்த்திருக்கீங்களா? தழும்பு இல்லாத விரலைக் காட்டுங்க, நான் பதிவை அழிச்சுடறேன்.

இது முதல் கோஷ்டிக்கு. இனி ரெண்டாவது கோஷ்டி.

இவங்க பிராக்டிக்கல் ஆளுங்களாம். "எதுக்குங்க இந்தக் கஷ்டம், ஒரு டேங்க் மருந்து அடிச்சா வேலை முடிஞ்சுது"ம்பாங்க. அத்தைக்கு அப்படி ஆனதுக்கு அடுத்த வருஷம் எங்கப்பா அதைத்தான் செஞ்சார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. வரப்புல கை வைக்க வீட்டுல யாருக்கும் தைரியம் இல்ல. கூலிக்கு ஆளும் இல்ல, ஊர்ல பாதி இளவட்டம் பெங்களூர்லயும் ஓசூர்லயும்தான் இருக்கு. (நானும்தான்.) களைக்கொல்லி வாங்கினார், அடிச்சார். பத்துப் பதினஞ்சு நாள்ல வரப்பு பூரா காஞ்சு செம்பட்டையா ஆயிடுச்சு. பாம்பு பயம் போச்சு. புல்லும் போச்சு.

அந்தப் பருவத்துல வைக்கோல் விலைக்கு வாங்கினோம். தை மாசம் ஒரு மாட்டை வித்தோம். அடுத்த மழைக்கு வரப்பு ரெண்டு இடத்துல உடைஞ்சு மண்ணு பக்கத்துக் கொல்லைக்குப் போயிடுச்சு. வேர் செத்த வரப்பு எப்படி நிக்கும்? மருந்து விலை மட்டும்தான் ரசீதுல இருந்துச்சு. மாடும் மண்ணும் எந்த ரசீதுலயும் வரல.

உடம்புக் கணக்கும் இருக்கு. நம்ம ஊர்ல பரவலா அடிச்ச கிளைபோசேட்டை, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-ல "மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது"ன்னு வகைப்படுத்துச்சு. அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு அப்படி இல்லைன்னுது. சண்டை பெருசு, நான் தீர்ப்பு சொல்ல வரல. ஆனா 2022 அக்டோபர்ல மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் பண்றவங்களைத் தவிர வேற யாரும் இதை அடிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அந்த உத்தரவை எங்க ஊர் வரப்புல நான் பார்த்ததே இல்ல. இன்னொண்ணு பாராக்வாட். அது உள்ள போனா இன்னிக்கு வரைக்கும் மாற்று மருந்தே கிடையாது. சுவிட்சர்லாந்து 1989-லயே தடை பண்ணிட்டான். நம்ம ஊர்ல அதை மாட்டுக் கொட்டாய் எறவாணத்துல சொருகி வெச்சிருக்கிற வீட்டை நானே பார்த்திருக்கேன். குழந்தைங்க ஓடுற வீடு.

இதுல யாரும் பேசாத இன்னொரு அநியாயம். சொந்தமா நிலம் இல்லாத அம்மாங்க, ரெண்டு ஆடோ ஒரு மாடோ வெச்சுக்கிட்டு அடுத்தவங்க வரப்புல புல்லறுத்துதான் காலம் தள்ளுறாங்க. "அறுத்துக்கோ"ன்னு விடுறது காலங்காலமா இருக்கிற வழக்கம். நீங்க ஒரு டேங்க் மருந்து அடிச்சா அவங்க வீட்டு ஆட்டோட சோத்துலயும் சேர்த்து அடிக்கிறீங்க. அடிச்சது தெரியாம அறுத்துட்டுப் போயி ஆட்டுக்குப் போட்டா அது இன்னும் பெரிய கூத்து.

மூணாவது கோஷ்டி நம்மள மாதிரி ஆளுங்க. ஊருக்கு வரும்போது பிரஷ் கட்டர் வாங்கிட்டு வர்ற ஆளுங்க. நானும் வாங்கல, ஆனா வாடகைக்கு எடுத்தேன். கண்ணாடி மாட்டிக்கிட்டு, தோள்ல தொங்க விட்டு, ஹீரோ மாதிரி நின்னு போட்டோ எல்லாம் எடுத்தாச்சு. ஸ்டார்ட் பண்ணி பத்தாவது நிமிஷம் ஒரு சுக்காங்கல்லு பறந்து வந்து முழங்காலுக்குக் கீழ அடிச்சுது பாருங்க... அவ்வ்வ்வ்வ். நாலு நாள் நொண்டினேன். அதே கல்லு எட்டி நின்னு வேடிக்கை பார்த்த பையன் கண்ணுல பட்டிருந்தா?

கணக்குப் போட்டுப் பாருங்க. 255 மில்லிமீட்டர் தட்டு, நிமிஷத்துக்கு 7000 சுத்துன்னு வைங்க. அதோட விளிம்பு வேகம் நொடிக்கு 93 மீட்டர். அதாவது மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல. எதுக்கு இவ்வளவு வேகம்? ஏன்னா அதுக்கு இடது கை இல்ல! புல்லைப் பிடிச்சுக்க ஆளில்லாததால அடிச்சே அறுக்கணும். அந்த வேகத்துல புல்லும் துண்டுதுண்டா சிதறி, மண்ணோட கல்லோட கலந்து நாலாபக்கமும் தெறிக்குது. அதைக் கூட்டி அள்ளி மாட்டுக்குப் போட்டோம். மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. மாடு நம்மள விட விவரம்.

ஆக அருவா கையைக் கேட்குது, மருந்து மாட்டைக் கேட்குது, பிரஷ் கட்டர் கண்ணைக் கேட்குது. அப்ப என்னதான்யா பண்ணச் சொல்றேங்கறீங்களா? அதுக்குத்தான் இவ்வளவு நீட்டி முழக்கினேன்.

பின்னாடி நடந்துக்கிட்டே தள்ளிட்டுப் போற அருவா மிஷின்னு ஒண்ணு இருக்கு. முன்னாடி ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை. பட்டையில வரிசையா இரும்பு விரலுங்க நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த விரலுங்களுக்கு நடுவுல முக்கோண பிளேடுங்க தச்ச ஒரு கத்தி இடமும் வலமுமா போய் வரும். புல்லு விரலுக்கு நடுவுல மாட்டும், கத்தி வந்து நறுக்கும். கத்திரிக்கோல் மாதிரி. புரியுதா? விரலுதான் இடது கை. கத்திதான் வலது கை. எங்க அத்தை செய்யுற அதே வேலை. என்ன, இந்த இடது கையைப் பாம்பு கடிச்சா பாம்புக்குத்தான் பல்லு போகும். :-)

பிடிச்சுக்க ஆளிருக்கறதால வேகமும் வேணாம். கத்தி 75 மில்லிமீட்டர் தூரம் நிமிஷத்துக்கு 800 தடவை போய்வந்தா சராசரி நொடிக்கு 2 மீட்டர்தான். மணிக்கு ஏழு கிலோமீட்டர். பிரஷ் கட்டரோட 330-க்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. கல்லு பறக்காது. புல்லு சிதறாது. அடியோட அறுந்து, முழுசா, அப்படியே சாயும். அள்ளிக் கட்டி மாட்டுக்குப் போட வேண்டியதுதான். மிச்சத்தைக் காய வெச்சா கோடைக்கு உலர்தீவனம்.

இது நேத்து வந்த மிஷினும் இல்ல. போய்வர்ற கத்தியை வெச்சு அறுக்குற யோசனைக்கு அமெரிக்காவுல 1830-கள்லயே ஹஸ்ஸியும் மெக்கார்மிக்கும் காப்புரிமை வாங்கிட்டாங்க. நடந்து ஓட்டுற மோட்டார் வடிவத்தை ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துக்காரங்கதான் பெருசாக் கொண்டாடினாங்க. இத்தாலியில பி.சி.எஸ். கம்பெனி 1943-ல ஆரம்பிச்சதே இந்த புல்லறுக்குற மிஷினை வெச்சுத்தான். ஏன் அங்க? சரிவான சின்னச் சின்ன நிலம், வீட்டுக்கு நாலு மாடு, குளிர்காலத்துக்கு உலர்ந்த புல்லு வேணும். அவனுக்கு புல்லு குப்பை இல்ல, தீவனம். புல்லைக் குப்பையா நினைக்கிறவன் அதைத் தூளாக்குற மிஷினைச் செய்வான். தீவனமா நினைக்கிறவன் முழுசா அறுக்குற மிஷினைச் செய்வான். எங்க கொல்லை, எங்க ரெண்டு மாடு, எங்க கோடை... நாம எந்தப் பக்கம்?

"இதெல்லாம் இத்தாலிக்குப் போயி வாங்கணுமா தம்பி?"ன்னு கேட்குறீங்க. வேணாம். நம்ம டெல்டா பக்கம் நெல்லு அறுக்க நடந்து ஓட்டுற ரீப்பர் இருக்கே, அதோட வாயில இருக்கிறதும் இதே கத்திதான். கேரள அரசு நிறுவனம் காம்கோ ரொம்ப வருஷமா ரீப்பர் செய்யுது, 1.2 மீட்டர் அகலம். அறுத்ததை ஒரு பக்கமா வரிசையாத் தள்ளிவிட பெல்ட்டும் உண்டு.

போன வருஷம் கார்த்திகையில, பக்கத்து ஊர்ல ஒரு மாமா நெல்லுக்குன்னு வெச்சிருந்த ரீப்பரைக் கேட்டேன். "புல்லுக்கா? பிளேடு போயிடும் தம்பி, வேணாம்"னுட்டார். ரெண்டு டீ, கூடுதல் வாடகை, பிளேடு போனா நான் வாங்கித் தர்றேன்னு சத்தியம். இவ்வளவும் ஆனப்புறம் வந்தார்.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு பூசி மெழுகாம சொல்றேன். ஏன்னா மிஷின் புராணம் பாடுறதும் ஒரு வகை கொசுவத்திதான்.

முத நாள் நானும் அப்பாவும் நீளக் கொம்பால புல்லைத் தட்டிக்கிட்டே நடந்து, கண்ணுல பட்ட கல்லை எல்லாம் பொறுக்கினோம். எங்க மண்ணு கல்லு விளையுற மண்ணு, தெரியும்ல. தட்டுறதுல பாம்பு இருந்தாலும் விலகிடும். காலையில பனி காயற வரைக்கும் காத்திருந்தோம். ஈரப் புல்லு பட்டையில அப்பிக்கும். அப்புறம் கரம்புல இறக்கினார். ஒரு மீட்டர் அகலம், மணிக்கு ரெண்டரை கிலோமீட்டர் நடைன்னா கணக்குப்படி மணிக்கு 2500 சதுர மீட்டர், அரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. திரும்புறது, நிறுத்துறது, டீ எல்லாம் சேர்த்து எங்களுக்கு அரை ஏக்கருக்கு ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அத்தையும் அம்மாவும் சேர்ந்து அறுத்திருந்தா நாலஞ்சு நாள்.

தகராறும் இருந்துச்சு. நேரா நின்ன புல்லை வெண்ணெய் மாதிரி அறுத்துச்சு. மழையில படுத்துக் கிடந்த புல்லை மேல ஏறி அமுக்கிட்டுப் போச்சு, எதிர்த்திசையிலேர்ந்து வந்தப்ப பாதி அறுத்துச்சு. கொடி படர்ந்த இடத்துல ரெண்டு தடவை சிக்கிக்கிச்சு. (சிக்கினா முதல்ல இன்ஜினை அணைங்க சாமி. ஓடும்போது கையை விட்டா அத்தை கதையை விட மோசமாயிடும்.) தப்பின ஒரு கல்லு ஒரு முக்கோண பிளேடைக் காவு வாங்குச்சு. கழட்டி, ரிவெட் தட்டி, புதுசு மாட்டியாச்சு. அவ்வளவுதான் விஷயம், முழு கத்தியையும் மாத்த வேண்டியதில்ல. மாமா முகத்துல அப்பதான் உசிரு வந்துச்சு.

விரல் கனத்துக்கு மேல தடிச்ச தண்டுக்கு இது ஆகாது. உண்ணிச்செடி, சீமைக்கருவேலங் கன்னு எல்லாம் வெட்டறதுக்கு வேற கருவி. குறுகலான வரப்பு மேல ஓட்ட முடியாது, ஓரமா கீழ நின்னு எட்டுற வரைக்கும்தான். மிச்சத்தை கொம்பால தட்டிப் பார்த்துட்டு அருவாவால அறுத்தோம். அருவாளே வேணாம்னு நான் சொல்லல, அது பத்துல ஒரு பங்கு வேலைக்குப் போதும்.

முக்கியமா பார்த்தீனியம். 1950-கள்ல பூனா பக்கம் கண்ணுல பட்டு, இன்னிக்கு எங்க ஊர் ரோட்டோரம் பூரா வெள்ளைப் பூவா நிக்குதே, அதான். மிஷின் அதையும் அறுக்கும். ஆனா அடிக்கட்டையிலேர்ந்து திரும்பத் துளிர்க்கும். பூக்கறதுக்கு முன்னாடி அறுத்தா விதை விழறது குறையும், ஒரு செடி ஆயிரக்கணக்குல விதை போடுற ஜாதி. அடியோட போகணும்னா மண்ணு ஈரமா இருக்கும்போது கையுறை போட்டுப் பிடுங்கணும். வெறுங்கையில பிடுங்கினா அரிப்பு. மாட்டுக் கட்டுல அது கலக்கவே கூடாது, பால் கசக்கும், மாட்டுக்கும் ஆகாது. அதனால பார்த்தீனியம் மண்டின இடத்தை முதல்ல தனியா பிடுங்கிட்டு, அப்புறம்தான் புல்லுல மிஷினை இறக்கணும்.

தரையோட ஒட்ட அறுக்காதீங்க. நாலு விரக்கடை விட்டு அறுத்தா புல்லும் சீக்கிரம் தழையும், கல்லும் தட்டாது, வேரும் வரப்பைப் பிடிச்சுக்கும்.

இப்ப வழக்கமா வர்ற கேள்விங்க. பின்னூட்டத்துல எப்படியும் கேட்கத்தான் போறீங்க.

"மிஷின் வந்தா கூலி ஆளு பொழப்பு என்னாகும்?" நியாயமான கேள்வி. பயிர் அறுவடையில இது பெரிய கேள்விதான், நான் மழுப்பல. ஆனா வரப்புப் புல்லை அறுக்குறது யாரு? வீட்டுப் பொம்பளைங்க. கூலியா? சல்லிக்காசு கிடையாது. "வீட்டு வேலை" கணக்குல சேர்த்துடுவோம். இங்க மிஷின் பறிக்கிறது யாரோட கூலியையும் இல்ல, எங்க அத்தையோட முதுகு வலியை. அன்னிக்கு அறுத்துப் போட்ட வரிசையில நாலுல ஒரு பங்கை, எங்க வரப்புல வழக்கமா அறுக்குற ரெண்டு பேர் அள்ளிக் கட்டிட்டுப் போனாங்க. மருந்து அடிச்ச வருஷம் அவங்க எங்க வாசப்பக்கமே வரல. அதுதான் வித்தியாசம்.

"சின்ன விவசாயி எப்படிங்க வாங்குவான்?" வாங்க வேணாம்ங்கறேன். வருஷத்துக்கு நாலு நாள் வேலைக்கு ஒவ்வொரு வீட்டுலயும் ஒண்ணு நிக்கறது முட்டாள்தனம். ஊருக்கு ஒண்ணு வாடகைக்கு இருந்தா போதும். 2014-15-ல ஆரம்பிச்ச மத்திய அரசு வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்துல சிறு, குறு விவசாயிக்கு பாதி விலை வரைக்கும் மானியம்னு வெச்சாங்க, ரீப்பரும் அந்தப் பட்டியல்ல உண்டு, வாடகை மையம் வைக்கவும் உதவி உண்டு. மாநில அரசோட வேளாண்மைப் பொறியியல் துறையும் மிஷின்களை வாடகைக்கு விடுது. சிக்கல் மிஷின்ல இல்ல, நம்ம மண்டையில. ரீப்பர்னா நெல்லுக்கு, தர்மபுரி மேட்டுக்கொல்லைக்கு எதுக்குன்னு ஒரு நெனப்பு. களைன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது பாட்டில்தான். புல்லறுக்க ஒரு மிஷின் வேணும்னு கேட்டவனே இல்ல. கேட்காதது எப்படி வரும்?

எங்க ஊர்லயே வேளாண் பல்கலைக்கழகத்தோட வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. மழை முடிஞ்சதும் ஒரு நாள், ஒரு கரம்புல, இதை ஓட்டிக் காட்டுங்கன்னு எங்கப்பா உட்பட பத்து பேர் கையெழுத்து வாங்கி வெச்சிருக்கேன். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கொண்டு போய்க் குடுக்கப் போறேன். நீங்களும் உங்க ஊர்ல செய்யலாம். ஒரு பதிவு எழுதுற நேரம்தான் ஆகும்.

கடைசியா கொசுவத்தி அண்ணாச்சிகளுக்கு. உங்க பாட்டி மேல உங்களுக்குப் பாசம் இல்லைன்னு நான் சொல்லல. எனக்கும் அந்த "சரக் சரக்" தெரியும். ஆனா நீங்க ஏசி ரூம்ல உட்கார்ந்து அருவாளைக் கொண்டாடி எழுதறதைப் படிச்சுட்டு, ஊர்ல ஒருத்தன் "பாரு, படிச்சவங்களே மிஷின் வேணாம்கறாங்க"ன்னு நினைச்சா, அடுத்த ஐப்பசிக்கும் ஒரு அத்தை இடது கையைப் புல்லுக்குள்ள விடுவாங்க. உங்க கை எங்க இருக்கும்? கீபோர்டு மேல. என் கையும்தான், அதான் எரியுது.

அன்னிக்கு மிஷின் ஓடி முடியற வரைக்கும் அத்தை வரப்பு ஓரமா உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. முடிஞ்சதும் எழுந்து வந்து, படுத்துக் கிடந்த புல்லை வலது கையால அள்ளிப் பார்த்துட்டு, "இந்தக் கருமத்தை முன்னாடியே கூட்டியாந்திருக்கலாம்ல கண்ணு"ன்னாங்க.

என்கிட்ட பதில் இல்ல.

டிஸ்கி 1: எந்த மிஷின் கம்பெனியும் எனக்குக் கமிஷன் குடுக்கல. குடுத்தா வேணாம்னு சொல்ற அளவுக்கு நல்லவனும் இல்ல.

டிஸ்கி 2: திட்டணும்னா தாராளமா பின்னூட்டத்துல கும்முங்க. ஒரே ஒரு நிபந்தனை. கடைசியா எப்ப புல்லறுத்தீங்கன்னு முதல் வரியில எழுதிட்டு அப்புறம் திட்டுங்க.